மின்கல வண்டியும் மின்திறன் மாற்றியும்

இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த ஆண்டுகளில் பெட்ரோல் கிடைத்தல் அரிதாயிற்று. அப்பொழுது மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள், கரியிலிருந்து வாயுவை உண்டாக்கும் கருவியொன்றை அமைத்து, அதனை மோட்டார் வண்டிகளிற் பொருத்தி ஓடச் செய்தனர். நம் பழைய மாணாக்கருள் முதியோர் சிலர் இதனைத் தம் தந்தையர் வாயிலாகக் கேட்டிருத்தல் கூடும். வண்டியின் இயந்திரம் முன்போன்றதே. அதற்கு ஊட்டும் உணவே வேறு. ஆயினும் கரியை நேரே இயந்திரத்துள் இடுதல் இயலாது. கரிக்கும் இயந்திரத்துக்கும் இடையே, ஒன்றை மற்றொன்று ஏற்கும் வண்ணம் பக்குவஞ் செய்து தரும் பாத்திரமொன்று வேண்டியிருந்தது. அப்பாத்திரம் நன்றாயின் வண்டி ஓடும், அன்றேல் நிற்கும்.

இந்நாளில் மதுரைத் தெருக்களிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களுக்குச் செல்லுஞ் சாலைகளிலும், மின்கலத்தால் ஓடும் இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் மிகுந்து வருகின்றன. அவற்றை வாங்குவோர், ‘பாட்டரி எத்தகையது? ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்று வினவுகின்றனர். பாட்டரிக்கு முன்னும் பின்னும் நின்று, மின்சாரத்தைப் பக்குவஞ் செய்யும் பாத்திரம் எத்தகையது என்று வினவுவாரை யாம் கண்டிலேம். அப்பாத்திரமே மின்திறன் மாற்றி எனப்படுவது. அதனை அமைக்குமாற்றை, சிறிது கணக்குடன், இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற கோடையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், தம் வண்டியின் சார்ஜரை ஒரு சாக்குப்பையில் இட்டு எம்மிடம் கொணர்ந்தார். வண்டி வாங்கி மூன்றாண்டு நிரம்பவில்லை, கடனும் தீரவில்லை. பாட்டரியையே மாற்றவேண்டும் என்று எவரோ அவர்க்குச் சொல்லியிருந்தனர். “ஐயா, பாட்டரி விலை கொடுப்பதாயின் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான்” என்றார். அப்பெட்டியைத் திறந்தபோது யாம் கண்டதைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண், மாற்றி என்னுங் கருவி வேண்டப்படுதல் ஏன் என்பதை அறிதல் வேண்டும். நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. ஒரு நொடியில் 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுவது. பாட்டரியோ ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தையே கொள்ளும், கொடுக்கும். ஆட்டோவில் அதன் அழுத்தம் பெரும்பாலும் 48 வோல்ட்டை ஒட்டியிருக்கும். விளக்கும் ஊதுகுழலும் 12 வோல்ட் வேண்டுவன. சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரோ, மூன்று கம்பிகளில் மாறி மாறி வருவதும், வேகத்துக்குத் தக்கவாறு அதிர்வெண் மாறுவதுமான மின்சாரத்தை வேண்டும். ஆகவே ஒரு வண்டிக்குள் நான்கு பாஷை பேசுவோர் கூடியிருக்கின்றனர். இடையே துபாஷிகள் இன்றி ஒன்றும் நடவாது.

அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பழையோர் கண்ட எளிய வழி, இடையில் ஒரு தடையை இடுதல். 1895-ஆம் ஆண்டு சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 வரை அஃது ஓடிற்று. அக்காலத்து டிராம் வண்டிகளில், புறப்படும்போது மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அடக்கத் தடைக்கம்பிகளை இடுதலே உலகெங்கும் வழக்கம். மிகுதியான ஆற்றல் வீணே வெப்பமாய்க் கழிந்தது. நம் ஆட்டோவில் இவ்வழியைக் கையாண்டால் என் ஆகும் என்று பார்ப்போம். விளக்கு முதலியவற்றுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர், அஃதாவது 120 வாட், வேண்டும் என்க. 48 வோல்ட்டிலிருந்து 36 வோல்ட்டைத் தடையில் இழக்கவேண்டும். அதே 10 ஆம்பியர் அதனூடும் செல்லுமாதலின், இழப்பு 360 வாட். பயன் ஒரு பங்கு, வீண் மூன்று பங்கு! இருக்கைக்கு அடியில் ஓர் அடுப்பை மூட்டியதற்கு இஃது ஒப்பாகும்.

வேறு வழி யாது? பெரியாற்று நீர் வைகை வழியாக வந்து பாயும் நம் வயற்புறங்களில், ‘முறை வைத்தல்’ என்னும் வழக்கத்தை யாவரும் அறிவர். மடையைப் பாதி மூடிவைப்பதில்லை. முழுதுந் திறப்பர், பின் முழுதும் மூடுவர். நான்கு நாளில் ஒரு நாள் திறந்திருந்தால், சராசரியாக நாளொன்றுக்குக் காற்பங்கு நீர் பாய்ந்ததாகும். மாற்றியின் அடிப்படை இதுவே. 48 வோல்ட்டை முழுதுந் திறந்தும் முழுதும் மூடியும் விடுவது. நேரத்தில் காற்பங்கு மட்டும் திறந்திருந்தால் சராசரி 12 வோல்ட். முழுதுந் திறந்த சாவியில் மின்னோட்டம் உண்டு, அழுத்தம் ஏறக்குறைய இல்லை. முழுதும் மூடிய சாவியில் அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. அழுத்தமும் ஓட்டமும் பெருகினாலன்றி வெப்பம் இல்லையாதலின், இரு நிலையிலும் இழப்பு மிகச் சிறிதே.

ஆயினும் விளக்குக்குச் சராசரி போதாது. விட்டுவிட்டு 48 வோல்ட் பாய்ந்தால் அது கருகிவிடும். சீராக்க ஒரு பொருள் வேண்டும். மானாமதுரைக் குயவர் பழைய முறையில் சக்கரஞ் சுழற்றுவதை நினைவிற் கொள்க. அவர் கோலால் இடையிடையே உந்துகின்றார். சக்கரமோ தன் கனத்தால் ஏறக்குறைய ஒரே வேகத்திற் சுழல்கின்றது. மின்சாரத்தில் அச்சக்கரத்தின் வேலையைச் செய்வது மின்தூண்டி என்னும் கம்பிச்சுருள். தன்னுள் ஓடும் மின்னோட்டம் திடீரெனக் கூடுவதையும் அது தடுக்கும், குறைவதையும் தடுக்கும். சாவி திறந்திருக்கும்போது ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேர்த்து வைத்து, மூடியபோது அதனையே விளக்குக்கு ஈந்து, ஓட்டம் அறாதவாறு காக்கும். ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியே இதற்கு வேர்.

எவ்வளவு பெரிய சுருள் வேண்டும்? சாவியை நொடிக்கு 1,00,000 முறை திறந்து மூடுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 10 மைக்ரோநொடி; அதில் திறந்திருப்பது காற்பங்காகிய 2.5 மைக்ரோநொடி. அப்பொழுது சுருளின் இருமுனைக்கும் இடையே உள்ள அழுத்தம் 48-இல் 12 போக, 36 வோல்ட். சராசரி 10 ஆம்பியர் ஓட்டத்தில் 3 ஆம்பியர் ஏற்றத்தாழ்வைப் பொறுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 36-ஐ 2.5-ஆற் பெருக்கி 3-ஆல் வகுக்க, 30 மைக்ரோஹென்றி வருகின்றது. மூடியிருக்கும் 7.5 மைக்ரோநொடியில் சுருளில் நிற்பது எதிர்த்திசையில் 12 வோல்ட், 36-ஐ 2.5-ஆற் பெருக்கினும், 12-ஐ 7.5-ஆற் பெருக்கினும் 90 என்னும் ஒரே தொகையே கிடைத்தல் காண்க. ஏறியது எவ்வளவோ இறங்கியதும் அவ்வளவே. இச்சமன்பாடு தவறுமாயின் சுருளில் ஓட்டம் மேன்மேலும் ஏறிக் கருவி அழியும்.

இனி, நொடிக்கு 20,000 முறை மட்டும் திறந்து மூடினால் சுருள் ஐந்து மடங்காகி 150 மைக்ரோஹென்றி வேண்டும். குயவர் அரிதாக உந்தினால் சக்கரம் கனமாயிருத்தல் வேண்டும் அன்றோ? செம்பும் இடமும் மிகும். மேலும், 20,000-க்குக் கீழே இறங்கினால் கருவி மாந்தர் செவிக்குக் கேட்குமாறு கீச்சிடும். அதனைப் பயணிகள் வண்டு என்று தேடக்கூடும். அங்ஙனமாயின் 5,00,000 முறை ஆக்கிச் சுருளை நெல்லிக்காயளவு சிறிதாக்கலாகாதோ எனின், அங்கேதான் சிக்கல். சாவி ஒருகணத்தில் திறப்பதன்று. திறக்கவும் மூடவும் ஆகுஞ் சிறுபொழுதில் அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்தே நிற்கும். அப்பொழுதெல்லாம் வெப்பம் பிறக்கும். இரண்டுஞ் சேர்ந்து 50 நானோநொடி ஆகுமாயின், 48 வோல்ட், 10 ஆம்பியரில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 12 மைக்ரோஜூல் வீணாகும். 1,00,000 முறைக்கு அது 1.2 வாட், 5,00,000 முறைக்கு 6 வாட். சுருளைச் சிறிதாக்கிய ஆதாயத்தை வெப்பத்தகடு தின்றுவிடும். மாற்றி அமைப்போனது கலை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்வதே. 72 வோல்ட் பாட்டரியிலிருந்து 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் பெறவும், அதிர்வெண் 1,50,000 ஆகவும், ஏற்றத்தாழ்வு 2.4 ஆம்பியராகவும் கொண்டு மாணாக்கர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க. விடை 28 மைக்ரோஹென்றிக்குச் சற்றே குறையும்.

ஈண்டுச் சாவி என்றது கையால் தட்டுஞ் சாவியை அன்று. சிலிக்கன் துண்டினால் ஆனதை. தாழ்ந்த அழுத்தமுள்ள ஆட்டோவுக்கு மாஸ்ஃபெட் என்னும் வகை போதும். நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ள கார்களுக்கும் பேருந்துகளுக்கும் ஐ.ஜி.பி.டி. என்னும் வகை பெரிதும் உதவிற்று. அதனை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச்சாலையில் உருவாக்கிப் பயன்படச் செய்தவர் ஜெயந்த் பாலிகா ஆவர். அவர் 1948-இல் சென்னையிற் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் பட்டம் பெற்றவர். சிலிக்கனினும் சிலிக்கன் கார்பைடு முதலிய பொருள்கள் இவ்வேலைக்கு மிகச் சிறந்தன என்பதையும் அக்காலத்திலேயே கணித்துக் காட்டினர். இப்பொழுது விலையுயர்ந்த மின்சாரக் கார்களில் அவையே புகுந்துள்ளன. 2024-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் மிலேனியம் தொழில்நுட்பப் பரிசு அவர்க்கு அளிக்கப்பெற்றது. நம் மாணாக்கர் பலர் அவர் பெயரைக் கேட்டறியார் என்பது எமக்கு வருத்தமே.

மோட்டாரைச் செலுத்தும் மாற்றியைப் பற்றிச் சுருங்கச் சொல்லி அமைவோம். அதில் ஆறு சாவிகள், இரண்டிரண்டாக மூன்று வரிசையில் நிற்கும். ஒரே வரிசையின் மேற்சாவியும் கீழ்ச்சாவியும் ஒருங்கே திறந்தால் பாட்டரியின் இருமுனையும் நேரே கூடி, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து சாவி வெடிக்கும். ஆதலின் ஒன்று மூடியபின் மற்றொன்று திறப்பதற்கு இடையே சிறிது வெறும்பொழுது விடுவர். இம்மாற்றிக்கு வேறொரு சிறப்பும் உண்டு: இருபுறமும் செல்லும் வாயில் போன்றது. பழமுதிர்சோலையிலிருந்து அழகர்கோவிலுக்கு இறங்கும்போது சக்கரமே மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்பிறப்பியாக, ஆற்றல் பாட்டரிக்குத் திரும்புகின்றது. 600 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்குமாயின் 588 கிலோஜூல். ஏறக்குறைய யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. அது முழுதுந் திரும்பாது. எனினும் பிரேக்குக் கட்டையைச் சூடேற்றுவதில் அதனைக் கழித்தலினும் இது மேலன்றோ?

இனிச் சார்ஜருக்கு வருவோம். சுவர் மின்சாரத்தின் உச்சி அழுத்தம் ஏறக்குறைய 325 வோல்ட். அதனை ஒரு திசைப்படுத்தி, முதல் மாற்றியால் 400 வோல்ட் அளவுக்கு உயர்த்துவர். தாழ்ந்ததை உயர்த்துதலுக்கும் அதே சுருளும் சாவியும் போதும். அமைப்பே சிறிது வேறு. இம்முதல் மாற்றி, சுவரிலிருந்து மின்சாரத்தைக் குத்துக்குத்தாக இழுக்காமல் அலையின் வடிவிலேயே சீராக வாங்குமாறும் செய்கின்றது. இஃதின்றேல் தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரும் அயல்வீடுகளும் அல்லற்படும். அடுத்து, இரண்டாம் மாற்றி அந்த 400 வோல்ட்டை வேகமாக நறுக்கி, ஒரு சிறு மின்மாற்றியின் வழியே பாட்டரிக்கு வேண்டிய அழுத்தத்துக்கு இறக்கும். சுவருக்கும் வண்டிக்கும் கம்பித்தொடர்பு இல்லாதவாறு இம்மின்மாற்றி காக்கின்றது. மழையில் நனைந்த வண்டியைத் தொடும் கைக்கு இதுவே காவல். 50 அதிர்வெண்ணில் ஒரு கிலோவாட்டுக்குப் பத்துக் கிலோ அளவிலான இரும்பும் செம்பும் வேண்டும். 1,00,000-இல் உள்ளங்கையில் அடங்கும் ஃபெரைட் போதும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பாட்டரியில் 16 கலங்கள் தொடராக நிற்கும். கலமொன்றுக்கு 3.65 வோல்ட் வீதம், 58.4 வோல்ட்டே எல்லை. அதுவரை ஒரே அளவான மின்னோட்டத்தையும், அதனை எட்டியபின் ஒரே அளவான அழுத்தத்தையும் தந்து, ஓட்டம் தானே தேய்ந்து அற்றபின் சார்ஜர் நிறுத்துதல் வேண்டும். ஈயப் பாட்டரிக்கான சார்ஜரை இதற்கு மாட்டுதல் பெரும்பிழை. இரண்டுக்கும் ‘48 வோல்ட்’ என்றே பெயர் எழுதியிருந்தாலும் எல்லைகள் வேறு.

மேற்கூறிய இரண்டு மாற்றிகளுக்கும் இடையே, 400 வோல்ட்டைத் தாங்கி நிற்கும் பெரியதொரு மின்தேக்கி உண்டு. அஃது எதற்கு எனின், சுவர் மின்சாரத்தின் திறன் நொடிக்கு 100 முறை அறவே இல்லாமற் போகின்றது. பாட்டரிக்கோ இடையறாது கொடுத்தல் வேண்டும். அவ்வறட்சியில் கைகொடுக்கும் கண்மாயே இம்மின்தேக்கி. ஒரு கிலோவாட் சார்ஜரில் 470 மைக்ரோபாரடு உள்ளதை இட்டால், அதன் அழுத்தம் ஏறக்குறைய 17 வோல்ட் ஏறியிறங்கும். சிறிய இடத்தில் இவ்வளவு தேக்கத் திரவஞ் சேர்ந்த மின்தேக்கியே மலிவானது. அத்திரவம் வெப்பத்தால் மெல்ல மெல்ல ஆவியாகிக் கசியும்.

ஓட்டுநர் கொணர்ந்த பெட்டியில் யாம் கண்டது இதனையே. (சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் அம்மின்தேக்கியில் உயிர்போக்கும் அளவு மின்சாரம் நிற்கக்கூடும். ஆதலின் ஒரு தடையின் வழியே அதனை வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கைவைத்தோம். மாணாக்கர் இதில் சிறிதும் அவசரப்படலாகாது.) மின்தேக்கியின் தலை அப்பம்போல் உப்பியிருந்தது. காற்றாடியின் இதழ்களில் செம்மண் அப்பிக்கிடந்தது. பாட்டரியைத் தனியே சோதித்தோம். அதில் ஒரு குற்றமும் இல்லை.

மின்தேக்கியின் மேல் ‘105 டிகிரி, 2,000 மணி’ என்று அச்சிட்டிருந்தது. பத்து டிகிரி குறையுந்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. பெட்டிக்குள் உள்ள மின்தேக்கி, வெளிக்காற்றினும் 40 டிகிரி மிகுதியாகச் சூடேறும் என்று கொள்வோம். 25 டிகிரியுள்ள குளிர்ந்த அறையில் அதன் சூடு 65 டிகிரி. ஆயுள் பதினாறு மடங்காகி 32,000 மணி. நாளொன்றுக்கு நான்கு மணி மின்னேற்றினால் இருபத்தோராண்டுக்கு மேல் வரும், அமைத்தவர் மகிழ்ந்திருப்பர். நம் ஓட்டுநரோ, சவாரி குறைந்த நண்பகற்போதில், தகரக் கொட்டகையின் கீழே மின்னேற்றுபவர். சித்திரை, வைகாசியில் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரியைக் கடத்தல் உண்டு. கொட்டகைக்குள் 45 என்க. மின்தேக்கி 85 டிகிரி. ஆயுள் 8,000 மணி. காற்றாடி புழுதியால் அடைபட்டு மேலும் பத்து ஏறினால் 95. ஆயுள் 4,000 மணி. நான்கு மணி வீதம் ஆயிரம் நாள்! மூன்றாண்டு நிரம்பாமையும், கடன் தீராமையும் கணக்கோடு ஒத்துவிட்டன.

இதிற் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்க்கத் தவறிய ஓர் எண் உண்டு. 25 டிகிரிக்கு அமைத்த கருவியை 45 டிகிரியில் வைத்தமையே குற்றம். மாற்றி அமைப்போர் முதலில் எழுத வேண்டிய எண் வோல்ட்டும் அன்று, ஆம்பியரும் அன்று. கருவி வாழப்போகும் ஊரின் கோடைச் சூடு. அதனை முன்வைத்தால் பிறவெல்லாம் மாறும். அதிர்வெண்ணைச் சற்றே குறைத்துச் சுருளைப் பெரிதாக்குவோம். நல்ல மின்தேக்கிக்குச் சிறிது விலை மிகக் கொடுப்போம். சூடு மிகும்போது மின்னோட்டத்தைத் தானே தணித்துக்கொள்ளுமாறு செய்வோம். இறுதியிற் சொன்னதை ஓட்டுநர் விரும்பார் என்பது எமக்குத் தெரியும். நண்பகலில் ஒரு மணி கூடுதலாக நிற்பது அவர்க்கு ஒரு சவாரி இழப்பு. காற்றாடியே இல்லாமல், பெட்டியை முழுதும் மூடி வெப்பத்தகடுகளால் குளிர்விப்போரும் உளர். புழுதியும் மழையும் மிகுந்த நம் நாட்டுக்கு அதுவே தக்கது என்பது எம் கருத்து. எடையும் விலையும் கூடுமாயினும் கூடுக.

யாம் செய்தது எளிய வேலையே. 105 டிகிரியில் 5,000 மணி தாங்கும் மின்தேக்கியை, அழுத்தமும் கொள்ளளவும் முன்போலவே இருக்கப் பார்த்து மாற்றினோம், காற்றாடியைத் துடைத்தோம். 85 டிகிரியிலேயே நின்றாலும் அது 20,000 மணி வரும். சார்ஜரைக் கொட்டகைக்குள் வைக்கவேண்டா என்றும், மாதம் ஒருமுறை காற்றாடியைத் துடைக்கவேண்டும் என்றும் அவரிடம் சொல்லியனுப்பினோம். அவர் அதனை இப்பொழுது தம் வீட்டின் வடபுறத் திண்ணையில், வேப்பமர நிழலில், ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கின்றார்.